பினாங்கில் படிக்க வருகிறவர்களே, ஊர் சுற்றுங்கள், பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து வரும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பார்க்க வரும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். மாணவர் பாஸ் (படிக்கத் தங்குவதற்கான அனுமதி), மருத்துவப் பரிசோதனை போன்றவற்றைப் பல்கலைக்கழகம் சொல்லும் வரிசையிலேயே செய்து முடியுங்கள். பார்க்க வரும் வீட்டார், இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

சரி, ஊருக்கு வருவோம். வளாகம் குளுகோரில், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படைமுகாம் இருந்த மிண்டன் மேட்டில் இருக்கிறது. உள்ளேயே துவாங்கு ஃபௌசியா அருங்காட்சியகம் உண்டு. அதைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். சாப்பாட்டுக்குச் சுங்கை டுவா பக்கம் போனால் மாணவர் கைக்கு அடக்கமாக முடியும்.

முதல் விடுமுறையில் எல்லாரும் நினைப்பது ஸ்கூட்டரைத்தான். பத்து ஃபிரிங்கி கடற்கரை, தெலுக் பஹாங், பாலிக் புலாவ் மலைப்பாதை என்று வண்டி எடுத்தால் தீவையே சுற்றி வந்துவிடலாம். என் நண்பன் ஏமாந்தது இந்த வாடகை ஸ்கூட்டரில்தான்.

வாடகைக் கடைக்காரர் முன்பணம் வேண்டாம், பாஸ்போர்ட்டை வைத்துவிட்டுப் போ என்றார். நம் ஊரில் லாட்ஜில் ஆதார் கொடுத்துப் பழகிய கை. யோசிக்காமல் நீட்டினான். மாலையில் திரும்பியபோது முன் விளக்குக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருப்பதாகக் காட்டினார்கள். கீறல் இருந்தது உண்மைதான். காலையிலும் அது இருந்ததா என்று காட்ட அவனிடம் ஒரு படம்கூட இல்லை. முகப்பு மொத்தத்தையும் மாற்ற வேண்டும், 600 வெள்ளி (ரிங்கிட்) கொடு என்றார்கள். மேசை இழுப்பறையைத் திறந்தபோது, ரப்பர் பேண்ட் போட்ட பாஸ்போர்ட் கட்டு ஒன்று உள்ளே கிடந்ததாம். எத்தனை பிள்ளைகளுடையதோ! எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவன் சண்டை போட்டிருக்கலாம். ஆனால் மாணவர் பாஸைப் புதுப்பிக்க அந்த வாரமே பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. காவல் நிலையம், புகார், விசாரணை என்று இழுத்தால் தேதி போய்விடும். அறை நண்பர்களிடம் கைமாற்று வாங்கிக் கட்டினான். அந்தக் கடையின் பலமே இதுதான். அவர்கள் கையில் இருந்தது நம் அவசரம்.

இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. மலேசியாவின் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை உரிய அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். கடைக்காரரிடம் அமைதியாக இதைச் சொல்லுங்கள். நகல் தருகிறேன், முன்பணம் தருகிறேன், ரசீது கொடுங்கள் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள். சாவி வாங்கியதும் கடை வாசலிலேயே, கடைக்காரர் பார்க்க, வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். கண்ணாடி, பக்கவாட்டு, அடிப்பாகம், பெட்ரோல் முள் எல்லாம் அதில் வர வேண்டும். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுச் சிக்கியிருந்தால் பணம் கட்டும் முன் பல்கலைக்கழக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், மலாய் தெரிந்த ஒரு சீனியரைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போங்கள். லைசன்ஸ் விஷயமும் உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்டிஓவில் எடுத்து வாருங்கள், அதில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கார் லைசன்ஸை வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தால் காப்பீட்டை நம்ப முடியாது.

உண்மையில் வண்டியே தேவையில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்குள் படகுத்துறையிலிருந்து கொம்தார் என்ற உயரமான கட்டடம் பக்கம் இலவச பஸ் ஓடுகிறது. 101ஆம் எண் பஸ் பிடித்தால் பத்து ஃபிரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகலாம், தேசியப் பூங்கா அங்கேதான். 204ஆம் எண் பஸ் கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரத்தில் இறக்கிவிடும். 1923 முதல் ரயில் ஏறும் மலை அது. உச்சியில் முருகன் கோயிலும் பள்ளிவாசலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சனி ஞாயிறில் வரிசை நீளும், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.

ஜார்ஜ் டவுனில் உள்ள லிட்டில் இந்தியாவுக்கு வீட்டு நினைப்பு வரும்போது போங்கள். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டுக் கட்டடம். நடக்கிற தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெருவில் நாகூர் தர்காவும் இருக்கின்றன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வட்டிக்கடை வைத்தவர், கப்பல் சாமான் விற்றவர் என்று நம்மவர்கள் இந்தத் தெருக்களில் வாழ்ந்து கட்டியவை இவை. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததில் நம் பங்கும் இருக்கிறது. சுவரோவியத்தோடு படம் எடுத்துவிட்டு ஓடிவிடாமல், கோயில் வாசலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

வீட்டார் வருவதாக இருந்தால் தைப்பூசத்தை ஒட்டி வரச் சொல்லுங்கள். செட்டியார்கள் 1894இல் கொண்டுவந்த வெள்ளி ரதம் பினாங்குத் தெரு கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை சாலைக்குக் கிளம்பும். வழியெல்லாம் தேங்காய் உடையும், சீனர்களும் குவியல் குவியலாக உடைப்பார்கள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும், அம்மா அப்பாவுக்கு முட்டி வலி இருந்தால் விடியுமுன் ஏற்றிவிடுங்கள். அன்று அந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டி நகராது, அறையை நடக்கும் தூரத்தில் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.