காருக்கு சப்வூஃபர் பெட்டி: கொள்ளளவு கணக்கு

வெளியே அளக்காதீர்கள், சப்வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்தும் பெட்டியின் உள்ளளவுதான் கணக்கு. பலகை 18 மி.மீ. தடிமன் என்றால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒவ்வொரு அளவிலும் 3.6 செ.மீ. கழியும், வெளியே 53.6, 38.6, 23.6 செ.மீ. இருக்கிற பெட்டி உள்ளே வெறும் 50, 35, 20 தான். மூன்றையும் பெருக்கினால் 35,000 கன செ.மீ., ஆயிரத்தால் வகுத்தால் 35 லிட்டர். ஸ்பீக்கரோடு வரும் தாளில் கன அடி என்று போட்டிருக்கிறதா? லிட்டரை 28.3 ஆல் வகுங்கள், சுமார் 1.24 வரும். அங்குலத்தில் அளந்திருந்தால் பெருக்கி 1728 ஆல் வகுக்க வேண்டும், 12 ஆல் இல்லை.

பின்பலகை சீட்டுக்கு ஏற்பச் சாய்வாக இருந்தால், மேல் ஆழத்தையும் கீழ் ஆழத்தையும் கூட்டிப் பாதியாக்கி அதையே ஆழமாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம், ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே அடிக்கிற சட்டங்களும் அடைத்துக்கொள்ளும் இடத்தையும் கழித்துவிடுங்கள்.