பெற்றோர் இங்கிலாந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்: உடனிருப்பவர் செய்ய வேண்டியவை

பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் இங்கிலாந்துக்கு வந்த அம்மாவோ அப்பாவோ திடீரென அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், நம் ஊர்ப் பழக்கத்தில் நாம் முதலில் தேடுவது பணம் கட்டும் கவுன்டரையும் மருந்துக்கடையையும்தான். அங்கே வார்டில் இருப்பவருக்கு மருந்து வாங்க யாரும் சீட்டு எழுதித் தருவதில்லை. உணவு முதல் உடல் துடைப்பது வரை எல்லாம் வார்டின் பொறுப்பு. இரவில் உடன் தங்குவதற்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. ஆகவே உடனிருப்பவரின் வேலை ஓடியாடுவதல்ல, சரியான தகவலைச் சரியான ஆளிடம் சேர்ப்பதும் கேட்டு வாங்குவதுமே.

முதல் நாளே மருந்துப் பட்டியலைத் தயாரித்துவிடுங்கள். கிளைகோமெட், ஈகோஸ்பிரின் என்று சொன்னால் அங்குள்ள மருத்துவருக்குப் புரியாமல் போகலாம். அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மெட்ஃபார்மின், ஆஸ்பிரின் என்ற மூலப்பெயரையும் அளவையும், எந்த வேளைக்கு எத்தனை என்பதையும் எழுதி, மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள். சூரணம், லேகியம், பழைய அறுவை சிகிச்சை, ஒவ்வாமை எதையும் விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர்கள் பெரும்பாலும் காலையில்தான் ரவுண்ட்ஸ் வருவார்கள். பார்வையாளர் நேரம் பல வார்டுகளில் அதற்குப் பிறகே தொடங்குவதால், ரவுண்ட்ஸின்போது உடனிருக்க முடியுமா, இல்லையென்றால் மருத்துவர் எப்போது தொலைபேசியில் பேசுவார் என்று வார்டு பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். என்ன நோய் என்று கருதுகிறார்கள், எந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்ப என்ன சரியாக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் அன்றைக்குப் போதும். குடும்பத்தின் சார்பில் ஒருவர் மட்டும் பேசுவது நல்லது. டொராண்டோவிலிருந்து சித்தப்பாவும் மதுரையிலிருந்து மாமாவும் தனித்தனியே அழைத்தால் செவிலியர் யாருக்குத்தான் பதில் சொல்வார்?

தமிழ் மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே கட்டணமின்றி, பெரும்பாலும் தொலைபேசி வழியாக, ஏற்பாடு செய்யும். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும் முக்கியமான பேச்சுக்கு அவரைக் கேட்டுப் பெறுங்கள். நோயாளி சுயநினைவோடு முடிவெடுக்கக் கூடியவராக இருந்தால், புற்றுநோயாக இருந்தாலும் மருத்துவர் அவரிடமே நேரில் சொல்வார், ஒப்புதலும் அவருடையதே. ‘அப்பாவிடம் சொல்லாதீர்கள்’ என்ற நம் வேண்டுகோள் அங்கே எடுபடாது. அதேபோல், இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா என்ற பேச்சு முதியவர்களிடம் வெளிப்படையாகவே எழும். அதைக் கேட்டுக் கைவிட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம், மற்ற சிகிச்சைகள் தொடரும்.

வலி எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொல்வார்கள். நம் பெரியவர்கள் எட்டு வலிக்கும் ‘பரவாயில்லை’ என்பார்கள். வழக்கமாக எப்படி இருப்பார், இன்று எப்படி இருக்கிறார் என்ற வேறுபாட்டை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நிலைமை மோசமாகிறது என்று தோன்றியும் வார்டில் பலன் கிடைக்காவிட்டால், ‘மார்த்தா விதி’யின்படி வேறொரு அவசர மருத்துவக் குழுவை நீங்களே அழைக்கலாம். 2021-இல் பெற்றோரின் கவலை கேட்கப்படாமல் செப்சிஸ் எனும் கடும் நோய்த்தொற்றுப் பாதிப்பால் இறந்த 13 வயது மார்த்தா மில்ஸின் பெயரால் 2024 முதல் இங்கிலாந்து மருத்துவமனைகளில் இது நடைமுறைக்கு வந்தது. அழைக்க வேண்டிய எண்ணை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

செலவு விஷயத்தில் தெளிவு வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பது இலவசம். உள்நோயாளியாகச் சேர்த்ததும், இந்திய, இலங்கை விசிட்டர் விசாக்காரர்களுக்குப் பொதுவாக அரசு நிர்ணயித்த தொகையில் 150 சதவீதம் விதிக்கப்படும். உடனடித் தேவையான சிகிச்சையைப் பணத்துக்காக நிறுத்தவோ தாமதிக்கவோ கூடாது. ஆனால் 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி வைத்தால் அடுத்த விசாவைப் பாதிக்கலாம் என்பதால், தவணைக்கு எழுத்தில் கேளுங்கள். பயணக் காப்பீடு இருந்தால் அந்நிறுவனத்துக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சுருக்க அறிக்கையின் நகலையும் மருந்துகளின் மூலப்பெயர்களையும் ஊர் மருத்துவருக்காக வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது விமானத்தில் பறக்கலாம் என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு, டிக்கெட்டை மாற்றுவதற்கு முன் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தையும் நிரப்பி அனுப்பிவிடுங்கள்.