கடற்குகையின் பாறையையும் கனிமங்களையும் அடையாளம் காணும் முறை

கடற்குகையின் சுவரில் சிவப்பும் பச்சையும் கறுப்பும் வெள்ளையும் படர்ந்திருப்பதைக் கண்டவுடன் கனிமங்களின் பெயர்களைச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அங்கே மிக எளிதில் ஏமாற்றுவது நிறமே. ஆகையால் நிறத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, குகை ஏன் அந்த இடத்தில் உண்டாயிற்று, எந்தப் பாறையில் உண்டாயிற்று என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தேட வேண்டும்.

அதற்கும் முன்பு ஓத அட்டவணையைப் பார்க்க வேண்டும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது நுழைந்து, மீண்டும் ஏறத் தொடங்குமுன் வெளியேறிவிடுவதே பாதுகாப்பானது. தொலைதூரப் புயலிலிருந்து வரும் நெடிய அலைகள் வற்றத்தின்போதும் உள்ளே பாயக்கூடும் என்பதால், வெளியே நின்று சிறிது நேரம் அலைகளைக் கவனித்த பிறகே செல்ல வேண்டும். தலைக்கவசமும் விளக்கும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் போகக் கூடாது.

உள்ளே சென்றதும் கூரையைப் பாருங்கள். பெரும்பாலான கடற்குகைகளில் வாயிலிலிருந்து பின்சுவர் வரை ஒரு விரிசல் ஓடுவதைக் காணலாம். குகையின் பிறப்பிடம் அதுதான். அலை மோதும்போது விரிசலுக்குள் அகப்பட்ட காற்று அழுத்தப்பட்டு, அலை பின்வாங்கும்போது திடீரென விரிந்து, பாறையைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறது. அப்படிப் பெயர்ந்த கற்களையே அடுத்த அலைகள் உருட்டி அடித்து அடிச்சுவரைத் தேய்க்கின்றன. விரிசலின் இருபுறமும் ஒரே பாறை அசையாமல் பிளந்திருந்தால் அது வெறும் பிளவு. நடுவே நொறுங்கிய கற்துண்டுகளும், சுவரில் ஒரே திசையில் வழுவழுப்பான உராய்வுக் கோடுகளும் இருந்தால், பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பெயர்ச்சிப் பிளவு என்று கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலுள்ள ஃபிங்கல் குகையில், எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியபோது உண்டான பசால்ட் தூண்களின் இடைவெளிகளே அலைகளுக்கு வழிவிட்டன.

அடுத்து பாறையின் வகை. சுவரைச் சுரண்டாமல், தரையில் கிடக்கும் கல் ஒன்றை எடுத்து, அதன் புதிதாக உடைந்த பக்கத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் உடனே நுரைத்துப் பொங்கும். கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பித் தூளும், கொட்டலசு என்னும் ஓடுடைய கடலுயிரியும் கூட அப்படியே பொங்கும் என்பதால் பழைய மேற்பரப்பில் சோதிப்பது வீண். சுண்ணாம்புக்கல் குகை என்று தெரிந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நேரான விரிசலைப் பின்பற்றாமல் உருண்டையான, வழவழப்பான குடைவுகள் நிறைந்திருந்தால், கடல்நீரும் நன்னீரும் நிலத்தடியில் கலந்து பாறையைக் கரைத்து அந்தக் குகையை முன்பே உருவாக்கியிருக்கலாம். அலைகள் பிற்பாடு அதன் வாயை மட்டும் திறந்திருக்கும். பகாமா தீவுகளில் இத்தகைய குகைகள் உண்டு.

இனி நிறங்களுக்கு வரலாம். ஓதநீர் எட்டும் உயரத்தில், நிழலான சுவரில் துருவைப் போன்ற மெல்லிய சிவப்புப் படலம் தென்பட்டால், இரும்பு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்; அது ஹில்டன்பிராண்டியா என்னும் செம்பாசியாக இருக்கலாம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாசியின் விளிம்பு தெளிவாக முடிவது தெரியும். இரும்புக் கறையோ நீர் கசியும் விரிசலில் தொடங்கிக் கீழ்நோக்கி வழிந்து, பாறையின் துளைகளுக்குள் ஊறியிருக்கும். உதிர்ந்த கனிமத் துண்டு கிடைத்தால் மெருகிடாத பீங்கானில் தேய்த்துப் பாருங்கள்: இரும்புக் கனிமங்களில் ஹெமடைட் செம்பழுப்புக் கோடும், கோதைட் மஞ்சள் கலந்த பழுப்புக் கோடும் இடும். வாயிலருகே அலைத்தெறிப்பு படும் உயரத்தில் பட்டையாக ஓடும் கறுப்பு பெரும்பாலும் லைக்கனே, அதாவது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரி. கசிவின் தடத்தில் கரி போல விரலில் ஒட்டும் கறுப்பு மாங்கனீசு ஆக்சைடாக இருக்க வாய்ப்புண்டு. பச்சையைப் பாசி என்றே முதலில் கொள்ள வேண்டும். பாறையில் செம்புத் தாது நரம்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே வேறு எண்ணலாம்.

வெள்ளைப் படிவுதான் உண்மையில் பொறுமை கேட்கும் பகுதி. ஒரு சொட்டு நன்னீரில் கரைந்துவிட்டால் அது உப்பு, அதாவது ஹாலைட். கரையாமல், நகத்தால் கீறினால் தழும்பு விழுந்து, அமிலத்துக்கு அசையாமல் இருந்தால் ஜிப்சம். நகத்துக்கு மசியாமல் அமிலத்தில் பொங்கினால் சுண்ணாம்புக் கனிமங்களான கால்சைட் அல்லது அரகோனைட். இவ்விரண்டின் வேதியியல் ஒன்றே, படிக அமைப்பே வேறு என்பதால் குகைக்குள் நின்று பிரித்தறிவது கடினம். ஹவாயின் கவாய் தீவிலுள்ள பசால்ட் குகைகளில், பாறையிலிருந்து மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துவரும் கசிவுநீர், நுண்ணுயிர்ப் படலங்களின் மேல் மக்னீசியக் கனிமங்களைப் படியவைக்கிறது. வெள்ளை என்றாலே சுண்ணாம்பு என்று எண்ணும் பழக்கத்தை இந்த ஓர் உதாரணமே மாற்றிவிடும்.

குறிப்பேட்டில் விரிசலின் திசையைத் திசைகாட்டியால் அளந்து எழுதி, ஒவ்வொரு படிவும் உயர் ஓதக் கோட்டுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே உள்ளது என்பதையும் பதிய வேண்டும். குகைத் தரையே அந்தக் கோட்டுக்கு மிக மேலே இருந்தால், நிலம் உயர்ந்தோ கடல் தாழ்ந்தோ இருக்க வேண்டும். நார்வேயின் தோர்காட்டன் மலையை ஊடுருவிச் செல்லும் சுமார் 160 மீட்டர் நீளத் துளை இன்று கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் மேலே நிற்பதற்குக் காரணம், பனியுகப் பனிக்கட்டியின் பாரம் நீங்கியபின் நிலம் எழும்பியதே. படம் எடுக்கும்போது அளவுகோலை அருகில் வையுங்கள். சுவரில் சுத்தியலை வைக்க வேண்டாம்.