ஆர்க்கெஸ்ட்ரா ஊர் ஊராகப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுமார் நூறு கலைஞர்கள். டிம்பனி, ஹார்ப், டபுள் பாஸ் என்று பெட்டி பெட்டியாக வாத்தியங்கள். பத்து நாளில் ஆறேழு ஊர். ஒரு சிம்ஃபொனி ஆர்க்கெஸ்ட்ராவின் சுற்றுப்பயணம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கச்சேரிக்கு வரும் கேடு பெரும்பாலும் மேடை ஏறும் முன்பே, சுங்க மேசையிலோ லாரியிலோ ஹோட்டல் அறையிலோ ஆரம்பித்துவிடுகிறது. முதன்முறை கிளம்பும் இளம் கலைஞர்களும் அவர்களை அழைத்துப்போகும் நிர்வாகிகளும் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பழைய வில்லை யோசிக்காமல் பெட்டியில் வைத்துக் கிளம்புவது முதல் தவறு. வயலின் வில்லின் நுனியில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தகடு இருக்கும். பழைய வில்களில் அது யானைத் தந்தமாக இருக்கலாம். விரல் பிடிக்கும் அடிக்கட்டை கடலாமை ஓட்டில் செய்ததாகவும் இருக்கலாம். 2014-ல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்கியபோது, தந்தம் இருக்கிறது என்ற சந்தேகத்தில் ஏழு வில்களை அதிகாரிகள் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அந்தக் கலைஞர்கள் இரவல் வில்லோடு மேடை ஏறினார்கள். அபராதம் கட்டிய பிறகுதான் வில்கள் கைக்கு வந்தன. வருடக்கணக்கில் ஒரே வில்லின் எடைக்கும் துள்ளலுக்கும் பழகிய கைக்கு இது எவ்வளவு பெரிய சோதனை என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் வாத்தியங்களுக்கென்றே ஒரு சான்றிதழ் உண்டு. 2013-ல் பாங்காக் மாநாட்டில் வந்த ஏற்பாடு அது. மூன்று ஆண்டுவரை செல்லும். வில்லின் வயதுக்கும் அதில் என்னென்ன பொருள் இருக்கிறது என்பதற்கும் ஆதாரம் காட்டித்தான் வாங்க வேண்டும். அதனால் பயணத்துக்குப் பல மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வாங்கியாயிற்று என்று இருந்துவிடவும் கூடாது. எல்லை தாண்டும்போதெல்லாம் அதில் முத்திரை விழ வேண்டும். அமெரிக்கா போன்ற நாடுகளில் இதற்கென ஒதுக்கிய நுழைவாயில்கள் வழியாகத்தான் போகவும் முடியும். டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் இதைப் பார்த்தால் பயன் இல்லை. இதற்கெல்லாம் நேரமில்லையா? அந்த வில்லை வீட்டில் வைத்துவிட்டுப் புதிய வில்லோடு போங்கள்.

வாத்தியங்களைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர ஏடிஏ கார்னே என்ற ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகத் தொழில் கூட்டமைப்பு தருகிறது. ஒவ்வொரு பொருளும் மதிப்போடு அதில் பட்டியலாகியிருக்கும். கடைசிக் கச்சேரி முடிந்ததும் ஒருவர் தன் செல்லோவோடு தனியாக வேறு விமானத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் இருக்கும் செல்லோ விமான நிலையத்தில் இல்லை. அதை அங்கேயே விற்றுவிட்டதாகக் கருதி வரி கேட்கலாம். சொந்தத் திட்டம் இருந்தால் பட்டியல் எழுதும்போதே சொல்லிவிடுங்கள்.

மேடை உடைகள் போகும் பெட்டிகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். கச்சேரி முடிந்த கையோடு அவை லாரி ஏறிவிடும். அடுத்த ஊர் அரங்கில்தான் திறக்க முடியும். பாஸ்போர்ட், இரத்த அழுத்த மாத்திரை, பவர் பேங்க் எதையும் அதில் போடாதீர்கள். விமானச் சரக்கில் பவர் பேங்க் இருந்தால் மொத்தச் சரக்கும் நின்றுபோகலாம். இசைப்பிரதியை ஹோட்டலில் பழகலாம் என்று தூக்கிப்போவதும் வேண்டாம். ஒரு பிரதி போனால் மறுநாள் அதைப் பார்த்துச் சேர்ந்து வாசிக்கும் இருவருக்குமே நோட்டு இல்லை. பழகுவதற்கு, பிரதிகளைப் பராமரிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா நூலகரிடம் நகல் கேளுங்கள்.

கையோடு வைத்திருக்கும் வாத்தியமும் தொலையும். 1999-ல் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மா தன் 1733-ம் ஆண்டு செல்லோவை நியூயார்க் டாக்ஸியின் பின்பெட்டியில் மறந்துவிட்டு இறங்கினார். அன்றே கிடைத்துவிட்டது. களைப்பு யாரையும் விடுவதில்லை.

மரத்துக்கு வானிலை புரியும். சென்னைக் காற்றின் ஈரத்துக்குப் பழகிய வயலின், பிப்ரவரியில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய அறைக்குள் போனால் சுருங்கும். தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கும், ஒட்டிய ஓரம் பிரியும், மோசமானால் மேல்பலகையில் வெடிப்பு. பெட்டிக்குள் ஈரப்பதமானியும் ஈரம் காக்கும் பொட்டலமும் வையுங்கள். நாற்பதிலிருந்து அறுபது சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. விமானத்தில் ஏறும்முன் நான்கு தந்திகளையும் முழுக்கத் தளர்த்துவது பலர் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு. தந்தியின் அழுத்தம்தான் தந்திகளைத் தாங்கும் குதிரையையும் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சியையும் பிடித்துவைத்திருக்கிறது. அழுத்தம் போனால் இரண்டும் சாயும். தளர்த்த வேண்டியது வில்லின் முடியைத்தான். குளிர்ந்த சரக்கிலிருந்து வந்த பெட்டியை உடனே திறக்கவும் கூடாது. சூடான அறையில் மூடியபடியே சில மணிநேரம் இருக்கட்டும்.

ஓபோவும் நம் நாகஸ்வரம் போல இரட்டை நாக்கு வாத்தியம். ஊருக்கு ஊர் அதன் சீவாளியும் குணம் மாறும். பலவிதமாகச் சீவியவற்றை எடுத்துப்போங்கள். சீவும் கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

இனி அரங்கம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. புது அரங்கில் கச்சேரிக்கு முன் கிடைப்பது சில சமயம் அரைமணி ஒத்திகைதான். அதில் கஷ்டமான இடங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பது வீண். அவை வீட்டிலேயே சரியாகியிருக்க வேண்டும். அந்த அரைமணி கேட்பதற்கு. 1870-ல் திறந்த வியன்னா மூசிக்ஃபெரைன் தங்க அரங்கில் மேடை சிறியது, ஒலி செழிப்பாகத் தங்கும். நேற்றைய ஊரில் ஊதிய அதே பலத்தோடு டிராம்போன் ஊதினால் வயலின்கள் மூழ்கிவிடும். லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். எதிரொலியை அடக்க 1969-ல் கூரையிலிருந்து காளான் போன்ற தட்டுகளைத் தொங்கவிட்டார்கள். இப்படிப்பட்ட பெரிய இடத்தில் பின்வரிசைக்காரர்கள் முன்வரிசை ஒலியைக் கேட்டு வாசித்தால் தாமதமாகும். இசையை நடத்தும் கண்டக்டரின் கோலை நம்ப வேண்டும். துணைக் கண்டக்டர் யாராவது ரசிகர்களின் நாற்காலி வரிசை நடுவே நின்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஆள் நிரம்பினால் ஒலி இன்னும் கொஞ்சம் வறளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வாடகைக்கு எடுக்கும் பியானோ, பியானோ போன்ற கட்டைகள் கொண்ட செலஸ்டா, குழாய் மணிகளின் சுருதியை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லோரும் சுருதி சேர்க்கும் 'ஏ' ஸ்வரம் அமெரிக்காவில் பொதுவாக 440 ஹெர்ட்ஸ். ஐரோப்பாவில் பல இடங்களில் 442, 443. பியானோவை மாற்றிச் சேர்த்துவிடலாம். உலோக மணியை மேடையில் ஒன்றும் செய்ய முடியாது.

கண்டம் தாண்டி இறங்கிய அன்றே கச்சேரி வைக்காதீர்கள். ஹோட்டல் செலவைப் பார்த்து ஓய்வு நாளை வெட்டுவது நிர்வாகத்தின் தவறு. கிழக்கு நோக்கிப் பறந்தால் தூக்கம் சீராக இன்னும் நாளாகும். சளியோடு பறந்தால் காது அடைத்துக்கொள்ளும். அடைத்த காதோடு சுருதி சேராது. உடம்பு சரியில்லை என்றால் மேலாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள். மாற்று ஆளைத் தேட அவருக்கு நேரமாவது கிடைக்கும்.