மலை ஏறாத பழைய கார்: கன்வெர்ட்டரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு, புகையின் கேட்டைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்டது தெரியவருவது பெரும்பாலும் மலைப்பாதையில், புளியரை எஸ் வளைவில்தான். ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. ஆரியங்காவு ஏற்றத்தில் இரண்டாவது கியரில் அழுத்தினால்தான் விஷயம் வெளியே வரும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் அது கிளட்ச். எவ்வளவு மிதித்தாலும் இன்ஜினே சுற்று ஏறாமல் மூச்சு முட்டி நின்றால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம். இது தெரியாமல் கிளட்ச் பிளேட் மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு.

சைலன்சர் பைப்பில், இன்ஜினுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டீல் டப்பா இருக்கும், அதுதான் கன்வெர்ட்டர். அதற்குள் நுண்ணிய துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சுமார் 300 டிகிரி சூடு ஏறிய பிறகுதான் அது ஒழுங்காக வேலை செய்யும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் கேடு குறைந்த வாயுக்களாக மாற்றும். நம் நாட்டில் 1995-இல் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுக்க நின்றது. ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். இப்போது ஈயம் இல்லை, ஆனாலும் கன்வெர்ட்டர் போகிறது என்றால் அதைக் கொல்வது உங்கள் இன்ஜின்தான். நான் சொல்ல வருவதே இதுதான்: எது கொன்றது என்று கண்டுபிடிக்காமல் புதுசு வாங்கிப் போட்டால் அதுவும் சாகும்.

முதலில் போனது கன்வெர்ட்டர்தானா என்று உறுதி செய்யுங்கள். பட்டறை ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு எண் (கோடு) வந்த உடனே ‘கன்வெர்ட்டர் மாத்தணும்’ என்று சொல்பவரை நம்ப வேண்டாம். பைப்பில் எங்காவது லீக் இருந்தாலும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் இதே கோடு வரும். ரொம்பப் பழைய வண்டிகளில் கோடு எதுவுமே வராது, அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். வண்டி நன்றாக ஆறிய பிறகு ரப்பர் சுத்தியலால் டப்பாவை லேசாகத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்துவிட்டது. அழுகிய முட்டை வாடை, மைலேஜ் இறக்கம், காலடியில் தரை வழக்கத்துக்கு மேல் சுடுவது, இவையும் அடையாளங்கள்.

அடைப்பைக் கண்டுபிடிக்கச் சரியான வழி பிரஷர் கேஜ். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜை மாட்டச் சொல்லுங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) அழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ தாண்டக் கூடாது, 2500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் அடைப்புதான். கேஜ் இல்லாத பட்டறையில், அதே ஓட்டையைத் திறந்துவிட்டு நின்ற இடத்திலேயே ரேஸ் கொடுத்துப் பாருங்கள், சுற்று சட்டென்று ஏறினால் பதில் கிடைத்துவிட்டது. இதைத் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்து ஒயர்களை ஒதுக்கிக் கட்டிவிட்டு. அடைப்பு இல்லை, ஆனால் பூச்சு செத்துவிட்டதா என்று பார்க்க ஸ்கேனரில் பின் சென்சார் வோல்டேஜைக் கவனியுங்கள். நல்ல கன்வெர்ட்டர் என்றால் சூடான வண்டியில் அது பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். முன் சென்சாரைப் போலவே மேலும் கீழும் குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை.

சரி, இப்போது கொன்றது யார்? ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இன்ஜெக்டரையும் முன் சென்சாரையும் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் உள்ளே போகிறது. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் அந்த சிலிண்டருக்குள் இறங்குகிறதா என்று ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பிளக்கோ காயிலோ கெட்டு மிஸ்ஸிங் வந்தால், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், பீங்கானே உருகிப்போகும். அதனால் செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள், வீடு வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள்.

ஆயில் குடிக்கும் இன்ஜினுக்கு நம் மலையே ஒரு பரிசோதனைக் கூடம். ஆரியங்காவிலிருந்து புளியரை நோக்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்து மிதிக்கும்போது கண்ணாடியில் பாருங்கள். நீலப் புகை குப்பென்று வந்து பிறகு மறைந்தால் வால்வ் சீல் தேய்ந்திருக்கிறது. ஏறும்போதும் தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங் வரை போயிருக்கலாம். ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் பூச்சின் மேல் படிந்து அதைக் குருடாக்கிவிடும்.

அடைத்த கன்வெர்ட்டரோடு மலை ஏறவே ஏறாதீர்கள். டப்பா பழுக்கக் காய்ந்திருக்கும். தென்மலை, அச்சன்கோவில் காட்டுப் பாதையில் கோடைக் காலத்தில் காய்ந்த சருகு மேல் அப்படி நிறுத்தினால் தீ பிடிக்கும். பேட்டரி இறங்கிவிட்டது என்று தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம், எரியாத பெட்ரோல் நேரே கன்வெர்ட்டருக்குள் போகும்.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து உருகிய பீங்கானைச் சரிசெய்யாது. தின்னர் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். அப்புறம் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் யோசனை: “அண்ணாச்சி, உள்ளே இருக்கிறதைத் தட்டி எடுத்திரலாம், வண்டி பறக்கும்.” வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியை அப்படி மாற்றுவது தவறு. புகை டெஸ்டிலும் தேறாது. பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) என்ற புகை விதி நிலைகளில் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், பிஎஸ்-2, பிஎஸ்-3 காருக்கு 0.5 சதவீதம்தான் எல்லை. அதைவிட, சபரிமலை சீசனில் ஆரியங்காவு நெரிசலில் உங்களுக்குப் பின்னால் ஜன்னலைத் திறந்துவைத்துக் குழந்தைகளோடு நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். அந்தப் புகை அவர்களுக்குத்தான் போகிறது.

வாங்கும்போது உங்கள் இன்ஜினுக்கும் பிஎஸ் நிலைக்கும் பொருந்துவதாகக் கேளுங்கள். மலிவானவற்றில் பூச்சு குறைவாக இருக்கும், சீக்கிரம் போகும். டார்ச் அடித்து உள்ளே துளைகள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள், வெறும் டப்பாவும் விற்கிறார்கள். மாட்டும்போது அம்புக்குறி புகை போகும் திசையில் இருக்கட்டும், கேஸ்கெட் புதுசாகப் போடுங்கள். வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சென்சாருக்கு முன்னால் சாதாரண சிலிக்கான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், சென்சார் கெட்டுவிடும்.

பழைய டப்பாவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் இருக்கும் உலோகங்களுக்கு நல்ல விலை உண்டு, நாலு இடத்தில் விசாரித்துக் கொடுங்கள். புகைச் சான்றுக்கு வண்டியைக் கால் மணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோங்கள், ஆறிய கன்வெர்ட்டரோடு போனால் புதுசு மாட்டியிருந்தும் அளவு கூடத்தான் காட்டும். அதற்கப்புறம் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் வால்வ் சீல் வேலையை முடித்துவிடுங்கள்.