நதி ஆய்வில் பி.எச்டி. சேர: கைடுக்கு மெயில் போடும் முன் செய்ய வேண்டியவை

எம்.எஸ்சி. ஜியாலஜியோ பி.இ. சிவிலோ முடித்து நீரியல், நிலவடிவ ஆய்வுக்கு வர நினைப்பவர்கள் நுழைவுத் தேர்வோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வு நேர்காணல் வரை கொண்டுபோய் விடும். அங்கே எடுபடுவது, தரவைக் கையாளத் தெரியும் என்பதைக் காட்டும் 2 பக்க மாதிரி ஆய்வுதான்.

தேர்வை முதலில் முடித்துவிடுவோம். பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் புவி அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. கையில் உதவித்தொகையோடு வரும் மாணவரைச் சேர்ப்பது கைடுக்கும் சுலபம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நெட்டுக்குப் படியுங்கள்.

மாதிரி ஆய்வுக்குத் தீபகற்ப நதி ஒன்றை எடுங்கள். கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் நீரோட்டத் தரவைப் பொதுவில் தருவதில்லை. காவிரி, கோதாவரி, கிருஷ்ணா அளவீட்டு நிலையங்களின் தினசரி அளவுகள் மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-வ்ரிஸில் இருக்கின்றன. 228 தீபகற்ப வடிநிலங்களை (ஆற்றுக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்புகளை) தொகுத்துத் தரும் கேமல்ஸ்-இண்ட் என்ற தரவுத்தொகுப்பு இன்னும் வசதி. மழைக்கு வானிலைத் துறையின் 0.25 டிகிரி தினசரித் தரவு போதும்.

தவறுகள் நடப்பது இதற்குப் பிறகுதான். நாளிதழ்கள் கனஅடியில் எழுதும். மத்திய நீர்வள ஆணையத் தரவு விநாடிக்குக் கனமீட்டரில் இருக்கும். 1 கனமீட்டர் 35.3 கனஅடி. முதல் வேலையாக நீரோட்டத்தை 86.4ஆல் பெருக்கி, வடிநிலப் பரப்பால் (ச.கி.மீ.) வகுத்து, ஒரு நாளுக்கு எத்தனை மி.மீ. என்று பாருங்கள். ஆண்டுக்கூட்டல் மழையைத் தாண்டினால் அலகோ பரப்போ பிசகியிருக்கிறது. மழைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, தேதியைக் கவனிக்காவிட்டால் வெள்ளம் மழைக்கு முந்தைய நாளே வந்ததாகப் படம் காட்டும். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக நிரப்பிவிடாதீர்கள்: ஆறு வறண்டதும் அளவு எடுக்காததும் வேறு வேறு.

நிலையத் தேர்வும் முக்கியம். காவிரியில் கொடுமுடி, முசிறி நிலையங்கள் இரண்டும் மேட்டூர் அணைக்குக் கீழே. அங்கே மழையிலிருந்து நீரோட்டத்தைக் கணிக்கும் கணித மாதிரியைப் பொருத்தினால் நீங்கள் கணிப்பது பெரும்பாலும் மதகு திறப்பைத்தான். மேலே பெரிய அணை இல்லாத துணையாறாகத் தேடுங்கள். நிலவடிவப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவு மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மர உச்சியையும் சேர்த்தே அளக்கும். ஓடையின் நீள்வெட்டில் (ஓடை நெடுக உயரம் குறைவதைக் காட்டும் கோட்டில்) தெரியும் திடீர்ப் படிகள் பல, மரங்கள்.

மெயில் 8 வரிக்குள் இருக்கட்டும்: அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்தப் படம், அதிலிருந்து உங்கள் கேள்வி, இணைப்பில் 2 பக்கம். 'எஸ்டீம்ட்' (பெருமதிப்பிற்குரிய) என்ற வார்த்தை வந்தாலே பாதிப் பேர் மேலே படிப்பதில்லை. சேர்க்கை அறிவிப்பு வருவதற்கு 2 மாதம் முன்பே அனுப்புங்கள். பதில் வந்தால், வண்டல் காலக்கணிப்பு (வண்டல் படிந்து எவ்வளவு காலம் என்று கண்டறிவது) போன்றவற்றுக்கு ஆய்வகம் சொந்தமா, வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்று அவருடைய இப்போதைய மாணவர்களிடம் கேளுங்கள். வரிசையில் நிற்கும் சாம்பிள்தான் பல ஆய்வேடுகளை ஓராண்டு தள்ளிப்போடுகிறது.

ஜெர்மனியில் பி.எச்டி. என்பது பெரும்பாலும் வேலை ஒப்பந்தம். பொதுத்துறை ஊதிய அட்டவணையில் ஈ13 நிலை, அதில் 65 அல்லது 75 சதவீதம் என்று விளம்பரத்திலேயே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி பி.எச்டி. இடங்களுக்கு, கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் சேரப்போகும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே முதுகலை படித்தவர்கள் வேறு நாட்டு இடங்களைப் பார்க்க வேண்டும்.

நேர்காணலில் உங்கள் படத்தைக் காட்டி, வெள்ளத்தின் உச்ச அளவை எப்படி அளந்தார்கள் என்று கேட்பார்கள். பல சமயம் அளந்திருக்க மாட்டார்கள். நீர்மட்டத்தைப் பார்த்து, மட்டம்-நீரோட்ட வளைகோட்டை (எந்த மட்டத்துக்கு எவ்வளவு நீர் ஓடும் என்று காட்டும் கோட்டை) மேலே நீட்டி எடுத்த எண் அது. அந்த வளைகோட்டில் கடைசியாக நேரடியாக அளந்த புள்ளி எங்கே நிற்கும், மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்தால் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று பென்சிலால் வரைந்து காட்டப் பழகிக்கொள்ளுங்கள்.