குளிர்பதனப் பெட்டியிலிருந்து கேமராவுக்கு: பிலிம் சுருளைக் கையாளும் முறை

2023 டிசம்பரில் இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் பீனிக்ஸ் 200 என்னும் புதிய வண்ணச் சுருளையும், 2024-இல் ரிக்கோ இமேஜிங் நிறுவனம் ஒரு சுருளில் 72 படங்கள் வரை எடுக்கக்கூடிய பென்டாக்ஸ் 17 கேமராவையும் வெளியிட்டதால், பிலிம் இன்னும் சில காலம் நம்மோடு இருக்கும் என்று நம்பலாம். ஆனால் சுருளின் விலை வீணாக்கும்படியாக இல்லை.

வெப்பம் பிலிமின் வேதிப்பூச்சை மெல்லக் கெடுத்து, வண்ணங்களைத் திரித்து, படத்தின்மேல் மூட்டம் படரச் செய்யும் என்பதால், வாங்கிய சுருளை உறை பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தவுடன் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள். டப்பாவின் மேல் முத்து முத்தாகத் துளிர்க்கும் ஈரம், மூடி திறந்திருந்தால் பிலிமின் மேலேயே படிந்துவிடும். ஒன்றரை மணி நேரமாவது மேசையில் வைத்திருந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்த பிறகே திறக்க வேண்டும்.

பிலிமைக் கையால் நகர்த்தும் பழைய கேமராவில் சுருளை ஏற்றியதும், பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழும் (பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். அது அசையாமல் நின்றால் பிலிம் பற்சக்கரத்தில் மாட்டவில்லை. 36 முறை அழுத்தினாலும் ஒரு படம்கூடப் பதியாது. எடுத்து முடித்த சுருளை மாதக்கணக்கில் வைத்திராமல் விரைவில் கழுவக் கொடுத்துவிடுவது நல்லது.